பழைய டிராக்டர் எஞ்சின் ஜாம் ஆகிவிட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், பினாங்கின் சுங்கை பாக்காப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் 14 வருஷம் வெயிலிலும் மழையிலும் நின்ற மாசி ஃபெர்குசன் 35 ஒன்றை நானும் என் தம்பியும் எடுத்து வந்தோம். மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின், கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இம்மியும் அசையவில்லை. அதைக் கழற்றி ஓட வைத்த பிறகு, பட்டர்வொர்த்திலிருந்து நிபோங் தெபால் வரைக்கும் பழைய வண்டி வைத்திருக்கும் நம் ஆட்கள் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

எஞ்சின் சுற்றவே மாட்டேன் என்கிறது. பிஸ்டன் ஜாம் என்று முடிவு பண்ணிவிடலாமா?

பண்ணாதீர்கள். கிராங்க் சுற்றவில்லை என்றால் கிராங்கோடு சேர்ந்திருக்கும் ஏதோ ஒன்று பிடித்திருக்கிறது, அவ்வளவுதான் தெரியும். முதலில் கியரை நியூட்ரலில் போடுங்கள். ஃபேன் பெல்ட்டைக் கழற்றுங்கள். வாட்டர் பம்போ டைனமோவோ துருப்பிடித்து நின்று பெல்ட்டையே பிடித்து வைத்திருக்கலாம். அப்புறம் ஸ்டார்ட்டர் மோட்டாரை இறக்குங்கள், அதன் பல்சக்கரம் ஃபிளைவீல் பல்லில் கடித்துக்கொண்டு நிற்பது அடிக்கடி நடக்கும். கடைசியாக, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு மறுபடியும் கிராங்கைச் சுற்றிப் பாருங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றிருந்தால் பிஸ்டன் மேலே வர முடியாது, தண்ணீரை அழுத்த முடியாதே. அந்த நிலையில் ஸ்டார்ட்டரை அழுத்தினாலோ வண்டியைத் தள்ளினாலோ பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜெக்டர் வெளியே இருந்தால் தண்ணீர் அந்த ஓட்டை வழியாகப் பீய்ச்சிக்கொண்டு போய்விடும்.

இதையெல்லாம் செய்ய அரை நாள் ஆகும். "எஞ்சின் போச்சு" என்று விற்க நினைத்த வண்டிக்கு ஸ்டார்ட்டரை மட்டும் இறக்கியதும் கிராங்க் சுற்றியதை நான் பார்த்திருக்கிறேன்.

எந்த சிலிண்டர் பிடித்திருக்கிறது என்று எப்படித் தெரியும்?

எஞ்சின் மேல் வால்வுகளை மூடியிருக்கும் ராக்கர் கவரைத் திறந்து, எந்த சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்த நிலையில் நின்றிருக்கிறது என்று பாருங்கள். பழைய மாசி, ஃபோர்ட்சன் வண்டிகளில் எக்ஸாஸ்ட் பைப் மேல்நோக்கி நிற்கும். மூடி இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் நேராக அதில் இறங்கி, மேனிஃபோல்ட் வழியாகப் போய், எந்த வால்வு திறந்திருக்கிறதோ அந்த சிலிண்டருக்குள் சேரும். அதனால்தான் மூன்று சிலிண்டரில் இரண்டு பளபளவென்று இருக்க ஒன்று மட்டும் செங்கல் நிறத்தில் இருக்கும். எங்கள் 35-இல் மூன்றாவது சிலிண்டர். பைப்பின் மேல் யாரோ ஒரு மைலோ டின்னைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள், நல்ல மனசு, ஆனால் டின்னின் அடிப்பகுதி அரித்து ஓட்டையாகிவிட்டது.

துரு ஏன் இவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்றும் கேட்கிறார்கள். இரும்பு துருவாக மாறும்போது அது இருந்த இடத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் எடுத்துக்கொள்ளும். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குக்கும் சிலிண்டரின் உட்சுவரான லைனருக்கும் நடுவே அந்த இடம் ஏது? அதனால் ஆப்பு அடித்த மாதிரி ஆகிவிடுகிறது. அலுமினியப் பிஸ்டன் சாதாரணமாகப் பிடிப்பதில்லை, பிடிப்பது வார்ப்பிரும்பு ரிங்தான். இதை மனதில் வையுங்கள், கீழே சூடு பற்றிச் சொல்லும்போது இது தேவைப்படும்.

என்ன எண்ணெய் ஊற்றலாம்? டபிள்யூ.டி.-40 போதுமா?

டபிள்யூ.டி.-40 ஈரத்தை விரட்டுவதற்காக 1953-இல் செய்யப்பட்டது. நல்ல பொருள்தான், நானும் வைத்திருக்கிறேன், ஆனால் 14 வருஷத் துருவுக்குள் இறங்க அது முதல் தேர்வு இல்லை. துருவுக்குள் ஊடுருவும் எண்ணெய் என்றே தனியாக விற்கிறார்கள், அதை வாங்குங்கள். வாங்க வசதியில்லையா, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஏ.டி.எஃப். எண்ணெயும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். இரண்டும் சீக்கிரம் பிரிந்துவிடும், ஒவ்வொரு தடவையும் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். அசிட்டோன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும், அதனால் பக்கத்தில் சிகரெட், வெல்டிங், கிரைண்டர் எதுவும் வேண்டாம், கதவைத் திறந்து வையுங்கள். பிளாஸ்டிக் டப்பா சிலவற்றை அசிட்டோன் கரைத்துவிடும், கண்ணாடி பாட்டில் அல்லது டின்னில் கலக்குங்கள்.

வெறும் டீசலும் ஏ.டி.எஃப்.பும் கலந்து ஊற்றினாலும் வேலை நடக்கும், நாள்தான் கூடும். கோக் ஊற்றுங்கள் என்பார்கள், வேண்டாம்; அதில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரும் சீனியும், துருப்பிடித்த சிலிண்டருக்குள் மறுபடியும் தண்ணீரை ஊற்றுவானேன். சமையல் எண்ணெயும் வேண்டாம். நம் வீட்டுப் பாமாயில் நாளடைவில் பிசினாகிவிடும், அப்புறம் அந்தப் பிசினையும் சேர்த்துச் சுரண்ட வேண்டியதுதான்.

ஊற்றி எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?

குறைந்தது ஒரு வாரம். எங்கள் வண்டிக்கு 19 நாள் ஆனது.

எப்படிச் செய்தோம் என்று சொல்கிறேன். இன்ஜெக்டர் ஓட்டை வழியாகப் பிஸ்டன் தலைக்கு மேல் ஒரு விரல்கடை உயரத்துக்கு எண்ணெய் நிற்கும் அளவு ஊற்றினோம். மறுநாள் ஒரு கம்பியை விட்டு அளந்து பார்த்தோம், குறையவே இல்லை. ஐந்தாம் நாள் கொஞ்சம் குறைந்திருந்தது. அது நல்ல அடையாளம், எண்ணெய் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்று அர்த்தம். குறைந்ததை ஊற்றி நிரப்பிவிட்டு, முன்பக்கம் கிராங்க் புல்லியின் பெரிய நட்டில் சாக்கெட்டைப் போட்டு, நாலடி பைப்பை மாட்டி, நுனியில் 10 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டோம். சுற்றும் திசை முக்கியம், நட்டு இறுகும் திசையில்தான் பாரம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நட்டுதான் கழலும். புல்லியிலும் பிளாக்கிலும் (எஞ்சினின் வார்ப்பு உடல்) சேர்த்து சாக்பீஸால் ஒரே கோடு போட்டு வைத்தோம்.

தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வந்து ஒரு தடவை எண்ணெய், மரச்சுத்தியலால் புல்லி மையத்தில் பத்துத் தட்டு, கோட்டைப் பார்ப்பது, சாப்பிடப் போவது. அவ்வளவுதான். 19-ஆம் நாள் பார்த்தால் புல்லியில் இருந்த கோடு பிளாக்கில் இருந்த கோட்டைவிட்டு ஒரு அரிசி அகலம் விலகியிருந்தது. சத்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. தம்பி கத்திய கத்தில் பக்கத்து வீட்டு அக்கா வெளியே ஓடி வந்துவிட்டார்.

அசைந்த பிறகும் ஒரேயடியாகச் சுற்றக் கூடாது. அந்த அரிசி அகலம் முன்னே, அரிசி அகலம் பின்னே, நடுவில் எண்ணெய். முன்னும் பின்னும் ஆட்ட ஆட்டத் துருத்தூள் எண்ணெயோடு வெளியே வரும். ஒரே திசையில் அழுத்தினால் அந்தத் தூளே ரிங்குக்கு முன்னால் குவிந்து மறுபடியும் ஆப்பு வைத்துவிடும்.

இன்னொரு வண்டியில் கட்டி இழுத்து, கியரில் போட்டு கிளச்சை விட்டால் பிரிந்துவிடும் என்கிறார்களே?

தயவுசெய்து வேண்டாம். இதை நான் கெஞ்சியே சொல்கிறேன். அப்படி இழுத்த ஒரு மாசி 135-ஐ எங்களிடம் கொண்டுவந்தார்கள். பிஸ்டன் பிரியவில்லை, கனெக்டிங் ராடு வளைந்து, பிஸ்டனின் கீழ்ப் பாவாடை உடைந்து லைனரைக் கீறியிருந்தது. காத்திருந்தால் ரிங் செட்டோடு முடிந்திருக்கும் செலவு.

டயர் தரையில் இருக்க, டாப் கியரில் போட்டு, இரண்டு பேர் கையால் வண்டியை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டலாம். அது சரி. கையால் ஆட்டுவதற்கு ஓர் எல்லை உண்டு, லோரியின் இழுவைக்கு எல்லை இல்லை.

சூடு காட்டலாமா?

நட்டுக்கும் போல்ட்டுக்கும் கண்டிப்பாகக் காட்டலாம், அங்கே சூட்டைப் போல உதவும் பொருள் வேறு இல்லை. நட்டைத்தான் சூடாக்க வேண்டும், உள்ளே இருக்கும் ஸ்டட்டை (தலையில்லாத போல்ட்) இல்லை. நட்டு விரிந்து பிடி தளரும். சூடு இறங்கிவரும்போது மெழுகுவர்த்தியைத் திருகின் ஓரத்தில் வைத்தால் மெழுகு உருகி உள்ளே உறிஞ்சிக்கொண்டு போகும். அப்புறம் முதலில் கழற்றாதீர்கள், ஒரு துளி இறுக்குங்கள், பிறகு தளர்த்துங்கள். அந்த "டிக்" சத்தம் கேட்டால் பாதி வேலை முடிந்தது.

பிஸ்டன் விஷயம் வேறு. அலுமினியம் வார்ப்பிரும்பைவிடச் சுமார் இரண்டு மடங்கு விரியும். 90 மில்லிமீட்டர் பிஸ்டனையும் அது இருக்கும் சிலிண்டரையும் 100 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால், பிஸ்டன் சிலிண்டரைவிட ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் அதிகமாக விரியும், அதாவது ஒரு ஏ4 தாளின் பருமன். சூடாக இருக்கும்போது அடித்தால் இன்னும் இறுகித்தான் இருக்கும். ஆகவே சூடாக்கி, தானாக ஆறவிட்டு, அப்புறம் எண்ணெய் ஊற்றுங்கள். விரிந்து சுருங்கும்போது துரு விரிசல் விடும், அந்த விரிசலில் எண்ணெய் இறங்கும். இதை மூன்று நான்கு தடவை செய்யுங்கள். ஊற்றி வைத்திருக்கும் எண்ணெயை முழுக்கத் துடைத்து எடுத்துவிட்டுத்தான் டார்ச்சைக் கொண்டுவர வேண்டும், அசிட்டோன் கலந்திருந்தால் ஒரு நாள் காற்றாட விடுங்கள்.

சூடான பிளாக்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வார்ப்பிரும்பு வெடித்துவிடும். இன்னொன்று, பிரேக் கிளீனர் ஸ்பிரே அடித்த இடத்தில் நெருப்போ வெல்டிங்கோ வேண்டாம். குளோரின் கலந்த வகையாக இருந்தால் சூட்டில் பாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும்.

சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைத் திறந்துவிட்டேன். பிஸ்டனை எப்படி வெளியே தட்டுவது?

முதலில் பிஸ்டனுக்கு மேலே தெரியும் சிலிண்டர் சுவரில் உள்ள துருவை எமரி தாளும் டீசலும் வைத்துத் தேய்த்து எடுங்கள். மேல் விளிம்பில் ரிங் போகாத இடத்தில் ஒரு மேடு நிற்கும், நகத்தால் தடவினால் தெரியும், அதையும் அதற்கான ரீமரால் வழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிஸ்டன் மேலே வரும்போது ரிங் அதில் மாட்டி, ரிங்குக்கு நடுவில் இருக்கும் அலுமினியம் உடையும்.

அப்புறம் அடியில் எண்ணெய் நிற்கும் சம்பைக் கழற்றி, நல்ல பிஸ்டன்களின் கனெக்டிங் ராடு மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி விடுவியுங்கள். எந்த மூடி எந்த ராடுக்கு, எந்தப் பக்கம் பார்த்து என்று குறி வைக்காமல் ஒன்றையும் தொடாதீர்கள். இப்போது பிடித்திருக்கும் ஒன்று மட்டும் மிஞ்சும், உங்கள் விசை முழுவதும் அதற்குப் போகும். இந்த வண்டிகளுக்குத் தனியாகச் சட்டம் கிடையாது, எஞ்சினே வண்டியின் முதுகெலும்பு. முன் அச்சைத் தாங்கும் வார்ப்பு எஞ்சினோடும் சம்போடும் போல்ட் ஆகியிருக்கும். கியர்பாக்ஸுக்கும் எஞ்சினுக்கும் கீழே கெட்டியான தாங்கு வைக்காமல் சம்பில் கை வைக்கக் கூடாது, ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது.

தட்டுவதற்கு மரக்கட்டை, சிலிண்டரைவிட 3, 4 மில்லிமீட்டர் சிறிதாக உருட்டிக் கடைந்தது. கடைசல் பட்டறையில் கொடுத்தால் சீக்கிரம் செய்து கொடுப்பார்கள். பால்மரக் (ரப்பர்) கட்டை வேண்டாம், அடியில் பிளந்துவிடும், கெட்டி மரமாகப் பாருங்கள். பிஸ்டன் தலையில் இரும்பை வைத்து அடித்தால் குழி விழும், நடுவில் ஓட்டையே விழும். ஒரு பெரிய அடியைவிட ஒரே அளவான ஐம்பது சின்ன அடி நல்லது. இரண்டு மில்லிமீட்டர் கீழே போனால் உடனே கீழிருந்து மேலே தட்டிக் கொண்டுவாருங்கள், மறுபடியும் கீழே. கீழிருந்து தட்டும்போது ராடின் தாங்கி முகத்தில் அடி படாமல் மரத்தை வையுங்கள்.

ஹெட்டே வரமாட்டேன் என்கிறதே?

நம் ஊரில் இதற்குக் காரணம் குழாய்த் தண்ணீர். குளிர் நாடுகளில் ரேடியேட்டரில் உறைதடுப்புத் திரவம் ஊற்றுவார்கள், அதிலேயே துருவைத் தடுக்கும் மருந்தும் இருக்கும். இங்கே உறையாது என்பதால் வெறும் தண்ணீரையே ஊற்றி ஓட்டினார்கள். வருஷக்கணக்கில் அந்தத் தண்ணீர் கேஸ்கெட் ஓரமாகக் கசிந்து, ஹெட் ஓட்டைக்கும் ஸ்டட்டுக்கும் நடுவே துருவாகக் கட்டியிருக்கும்.

முதலில் எல்லா நட்டும் கழன்றதா என்று எண்ணுங்கள், ஒன்று அழுக்குக்கு அடியில் ஒளிந்திருக்கும். பிறகு ஒவ்வொரு ஸ்டட்டைச் சுற்றியும் எண்ணெய், சில நாள் ஊறல். ஸ்டட் நுனியில் இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கிப் போட்டு, கீழ் நட்டில் ஸ்பேனர் வைத்துத் திருகினால் ஸ்டட்டே வெளியே வந்துவிடும். நாலைந்து ஸ்டட் வந்தாலே ஹெட் பாதி விட்டுவிடும். வராத ஸ்டட்டின் தலையில் பித்தளைத் துண்டை வைத்து நேராகத் தட்டுங்கள், அதிர்வில் துரு உதிரும். அப்புறம் ராக்கர் ஸ்டட்டுகளில் ஒரு தகட்டை மாட்டி, செயின் பிளாக்கில் லேசான இழுவை கொடுத்து வைத்து, நான்கு பக்கமும் மரச்சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உளியையோ ஸ்குரூ டிரைவரையோ விட்டு நெம்பினால் அந்த முகத்தில் விழும் ஒரு கீறல் போதும், புது கேஸ்கெட் போட்டாலும் அங்கேதான் கசியும்.

கிரீஸ் கன் வைத்துப் பிஸ்டனைத் தள்ளலாம் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை, ஹெட் மேலேயே இருக்கும்போது இது நல்ல வழி. ராக்கர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் எல்லா வால்வும் மூடிவிடும். பழைய இன்ஜெக்டர் உடலில் கிரீஸ் நிப்பிளைப் பற்றவைத்து அதன் இடத்தில் மாட்டி, சிலிண்டர் நிறைய கிரீஸை அடிக்க வேண்டும். கணக்கைப் பாருங்கள்: பெர்கின்ஸ் 3.152 எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 91.4 மில்லிமீட்டர், பரப்பு சுமார் 10 சதுர அங்குலம். 500 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 500 பவுண்டு) அழுத்தம் கொடுத்தாலே பிஸ்டன் மேல் 2 டன்னுக்கு மேல் பாரம், அதுவும் தலை முழுவதும் சமமாக. சுத்தியலால் இதைச் செய்ய முடியாது.

கைக் கிரீஸ் கன் பல ஆயிரம் பி.எஸ்.ஐ. வரை போகும், ஆகவே கைப்பிடி கல் மாதிரி ஆனால் நிறுத்திவிட்டு மறுநாள் பாருங்கள். ஹெட் நட்டு எல்லாம் முழுசாக இறுகியிருக்க வேண்டும். பிஸ்டன் அடிமட்டத்தில் நின்றிருந்தால் இது உதவாது, கீழே போக இடமில்லை. கிரீஸுக்குப் பதில் கம்ப்ரசர் காற்றை அடிக்கவே கூடாது. அடைபட்ட காற்று திடீரென்று விடுபட்டால் குண்டு மாதிரி, கிரீஸ் அப்படி இல்லை, கொஞ்சம் நகர்ந்ததும் அழுத்தம் விழுந்துவிடும். அப்புறம் அந்தக் கிரீஸையெல்லாம் துடைத்து எடுக்க ஒரு முழு நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

இன்ஜெக்டர் உள்ளேயே ஒட்டிக்கொண்டது.

கரிதான் பிடித்திருக்கும். சுற்றிலும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, இடமும் வலமும் லேசாகத் திருகித் திருகி அசையுங்கள். ஒரு பக்கமாக நெம்பினால் காது உடையும். பைப் மாட்டும் திருகில் கனமான சறுக்குச் சுத்தியலை மாட்டி மேல்நோக்கித் தட்டலாம். நெருப்புக் காட்ட வேண்டாம், நாசில் முனை கெட்டுவிடும். கீழே ஒரு செம்பு வாஷர் இருக்கும், அது உள்ளேயே தங்கிவிடும், கம்பி விட்டு எடுக்க மறக்காதீர்கள். மறந்து புது வாஷரை அதன் மேலேயே போட்டால் நாசில் உயரம் மாறி, புகை தள்ளும்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் ஸ்டட் உடைந்து ஹெட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. என்ன செய்ய?

உடைந்த துண்டின் மேல் ஒரு வாஷரை வைத்துப் பற்றவைத்து, அதன் மேல் ஒரு நட்டைப் பற்றவையுங்கள். வெல்டிங் வார்ப்பிரும்போடு சரியாக ஒட்டாது, ஸ்டட்டோடு நன்றாக ஒட்டும், நமக்கு அதுதான் வேண்டும். வெல்டிங் சூட்டில் ஸ்டட் விரிந்து, ஆறும்போது சுருங்கி, துருவின் பிடி விடும். கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஸ்பேனரைப் போட்டு மெதுவாக ஆட்டுங்கள். முதல் தடவை நட்டு பிய்த்துக்கொண்டு வந்தால் கவலைப்படாதீர்கள், மறுபடியும் வையுங்கள். ஒரே ஸ்டட்டுக்கு நான் ஐந்து நட்டு வைத்திருக்கிறேன், ஐந்தாவதில் வந்தது.

கடையில் விற்கும் "ஈசி அவுட்" என்ற இடதுபுரித் திருகாணியைப் பற்றி மட்டும் எச்சரிக்கை. அது கெட்டிப்படுத்திய எஃகு. துருவில் இறுகிய ஸ்டட்டில் அதைப் போட்டு முறுக்கினால் ஸ்டட் வராது, அதுதான் உடையும், உடைந்தால் சாதாரண டிரில் அதில் ஏறாது. எனக்கே நடந்தது, ஹெட்டை மில்லிங் மெஷினுக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. வெல்டிங் வசதி இல்லாவிட்டால் சரியாக நடுவில் பஞ்ச் வைத்து, இடப்பக்கம் சுற்றும் டிரில் பிட்டால் துளையிடுங்கள். பல சமயம் டிரில் கடிக்கும்போதே ஸ்டட் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

ஸ்பேனர் வழுக்கி நட்டு மூலை உருண்டுவிட்டது. நான் சரியான சைஸ்தானே போட்டேன்?

மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டிருப்பீர்கள். பிரிட்டனில் செய்த இந்த டிராக்டர்கள் அங்குலக் கணக்கு. முக்கால் அங்குல நட்டுக்கு 19 மில்லிமீட்டர் பொருந்தும், அதனால் எல்லாமே அப்படித்தான் என்று நினைக்கத் தோன்றும். அரை அங்குலம் என்பது 12.7, அதற்கு 13 போட்டால் ஆடும். அங்குலத்தில் பதினாறில் ஒன்பது பங்கு என்பது 14.29, அதற்கு 14 ஏறாது, 15 வழுக்கும். துருப்பிடித்த நட்டில் அந்த ஆட்டமே போதும். பன்னிரண்டு மூலை சாக்கெட்டைவிட ஆறு மூலை சாக்கெட் வாங்குங்கள். ஜார்ஜ் டவுனில் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் காலையில் போனால் அங்குல ஸ்பேனர்கள் கிடைக்கும், இங்கிலாந்தில் செய்தவை, இப்போது வரும் புதுசைவிடக் கெட்டி. என் பெட்டியில் பாதி அங்கே வாங்கியதுதான்.

லைனரை எடுக்க வேண்டுமா? எப்படி?

பிஸ்டன் வெளியே வந்ததும் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். கறை மட்டும் என்றால் ஹோனிங் (கல்லால் லேசாகத் தேய்ப்பது) போதும். நகம் மாட்டும் அளவு குழி இருந்தால், ரிங் நிற்கும் இடத்தில் அது இருந்தால், லைனர் மாற்ற வேண்டும்.

உங்கள் எஞ்சின் எது என்று தெரிந்துகொண்டு தொடங்குங்கள், ஏனென்றால் மாசி 35 என்ற ஒரே பேரில் இரண்டு டீசல் எஞ்சின் வந்தது. முதலில் வந்தது ஸ்டாண்டர்ட் 23சி, நான்கு சிலிண்டர், ஈர லைனர். 1959 கடைசியிலிருந்து பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர், உலர் லைனர். 1946 முதல் 1956 வரை கோவென்ட்ரியில் செய்த சாம்பல் நிற ஃபெர்குசன் டி.இ.20-இன் ஸ்டாண்டர்ட் எஞ்சினும் ஈர லைனர்தான், ட்ரையம்ஃப் டி.ஆர்.2 காரின் எஞ்சினும் அந்தக் குடும்பமே.

ஈர லைனரைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். மேலிருந்து புல்லரால் இழுக்கலாம், அல்லது கீழிருந்து மரத்தால் தட்டலாம். வராததற்குக் காரணம் அடியில் இறுகிப்போன துருச்சேறு. பிளாக்கின் வடிகால் திருகைக் கழற்றி, கம்பியால் குத்திக் குத்தி அந்தச் சேற்றை வெளியேற்றினாலே லைனர் இளகும். உலர் லைனர் மெல்லியது, பிளாக்கோடு முழு நீளத்துக்கும் ஒட்டி நிற்கும். அதைக் கீழிருந்து மேலாக, படி வைத்துக் கடைந்த தகட்டால் பிரஸ்ஸில் தள்ள வேண்டும். பிரஸ்ஸுக்கும் அசையாவிட்டால் லைனரின் உட்சுவரில் மேலிருந்து கீழாக இரண்டு மூன்று வெல்டிங் கோடு போடுவார்கள். ஆறும்போது வெல்டிங் சுருங்கி லைனரையும் உள்பக்கம் இழுக்கும், சில சமயம் கையாலேயே தூக்கிவிடலாம். கிராங்க் உள்ளே இருந்தால் ஈரச் சாக்கால் மூடாமல் இதைச் செய்யாதீர்கள்.

வால்வு மேலே வர மாட்டேன் என்கிறது.

புஷ்ராடு வளைந்திருந்தாலோ இடம் மாறிக் கிடந்தாலோ வால்வு பிடித்திருக்கிறது. வால்வு கைடில் டீசல், ஏ.டி.எஃப். விட்டு, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, தண்டைப் பிடித்து இடவலமாகச் சுழற்றுங்கள். நுனியில் இரும்புச் சுத்தியலால் அடித்தால் காளான் மாதிரி விரிந்து கைடுக்குள் போகாது. பித்தளை வைத்துத் தட்டுங்கள்.

டீசல் பம்பும் ஜாம். இதையும் எண்ணெயில் ஊறப்போடலாமா?

இதை மட்டும் வெளியே கொடுங்கள். பெர்கின்ஸ் மூன்று சிலிண்டரில் இருப்பது சி.ஏ.வி. டி.பி.ஏ. சுழல் பம்ப், உள்ளே ரோட்டருக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி மயிரிழையைவிட எவ்வளவோ சிறிது. வீட்டு மேசையில் எமரி தாள் வைத்துச் செய்கிற வேலை இல்லை. நம் நாட்டுப் பெட்ரோல் நிலையங்களில் வண்டிகளுக்கு விற்கும் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்ததும் கலந்திருக்கிறது, 2019-இல் அது 10 சதவீதமாகக் கூடியது. அந்தச் செம்பனை டீசல் சாதாரண டீசலைவிட அதிக ஈரத்தை உறிஞ்சும், மாதக்கணக்கில் ஓடாமல் நின்றால் அந்த ஈரம் பம்புக்குள்தான் துருவாகும். நிறுத்தி வைக்கும் வண்டிக்கு வாரம் ஒரு தடவையாவது எஞ்சினை ஓட்டிவிடுங்கள்.

மின்சாரம் வைத்துத் துரு எடுக்கலாமாமே?

கழற்றிய இரும்புப் பாகங்களுக்கு மட்டும். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், அதில் சலவை சோடா, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் துருப்பிடித்த பாகத்துக்கு, பாசிட்டிவ் ஒரு பழைய இரும்புத் துண்டுக்கு. பாசிட்டிவ் பக்கம் துருப்பிடிக்காத எஃகு வைக்காதீர்கள், நச்சுள்ள குரோமியம் தண்ணீரில் கரையும். ஹைட்ரஜன் கிளம்பும், ஆகவே வெட்டவெளியில் வையுங்கள். அலுமினியத்தைப் போட்டால் அரித்துவிடும், பிஸ்டன் இருக்கும் பிளாக்கில் இந்த வேலையே வேண்டாம்.

எப்போது கைவிடுவது?

பிளாக் விரிசல் விட்டிருந்தால் யோசிக்க வேண்டும். ஆனால் ஒரு ஆறுதல், குளிர் நாடுகளில் பழைய பிளாக்குகள் பல தண்ணீர் உறைந்து வெடித்துப் போகின்றன. இங்கே அந்தத் தொல்லை கிடையாது. நம் ஊர்ப் பிளாக் அசிங்கமாக இருக்கும், துருவாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் முழுசாக இருக்கும். அவசரப்பட்டு நாம் உடைத்தால்தான் உண்டு. தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்த என் பெரியப்பா, நான் சின்னப் பையனாக நீளமான பைப்பைத் தேடி ஓடும்போதெல்லாம் சொல்வார்: "டேய், இன்னைக்கு வரலைன்னா எண்ணெய ஊத்திட்டு வீட்டுக்கு வா. நாளைக்கும் அது அங்கதான் இருக்கும்." அவர் கை வைத்து உடைந்த பிளாக் ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

கிராங்க் சுற்றிவிட்டது! ஸ்டார்ட் பண்ணலாமா?

இன்னும் இல்லை. ஊற்றிய எண்ணெய், அசிட்டோன், துருத்தூள், பழைய தண்ணீர் எல்லாம் இப்போது சம்பில் இருக்கிறது. வடிகால் திருகைக் கழற்றும்போது வாளியை வைத்துக்கொண்டு கவனமாகப் பாருங்கள், முதலில் தண்ணீர் தனியாக வரும், பிறகு சாக்லேட் நிறத்தில் எண்ணெய் வரும், கடைசியில் காந்தத்தை விட்டால் மயிர் முளைத்த மாதிரி இரும்புத்தூள் ஒட்டும். அந்தத் தூள் அதிகமாக இருந்தால் சம்பை இறக்கிக் கழுவித்தான் ஆக வேண்டும், பேரிங்கையும் அப்போதே பாருங்கள். புது எண்ணெய், புது ஃபில்டர், இன்ஜெக்டர் இல்லாமலே ஸ்டார்ட்டரால் சுற்றி, ஆயில் கேஜ் முள் எழும்புகிறதா என்று பாருங்கள். முள் எழும்பின பிறகு இன்ஜெக்டரை மாட்டுங்கள். டீசல் பைப்பில் காற்றெடுக்கும்போது கையை ஸ்பிரேக்கு முன்னால் நீட்டாதீர்கள், அந்த அழுத்தத்தில் டீசல் தோலுக்குள் இறங்கிவிடும், வலிக்காவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது.

ஓட ஆரம்பித்ததும் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை தள்ளும், ஊறிய எண்ணெய் எரிகிறது, பயப்பட வேண்டாம். அரை மணி நேரத்துக்குப் பிறகும் குறையாவிட்டால் மட்டும் நிறுத்துங்கள். சாயங்காலம் நிறுத்தும்போது எக்ஸாஸ்ட் பைப்புக்கு ஒரு நல்ல மூடி, மைலோ டின் என்றால் வருஷத்துக்கு ஒரு புது டின்.